துக்க வீட்டுச் சேர்

ஆரணியில் அந்தக் கல்யாண மண்டபத்தில் காலை ஏழேகால் மணிக்கு முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பட்டு, நல்ல நகை, சமையல்கட்டிலிருந்து நல்ல ரவா கிச்சடி வாசனை. ஆனால் முந்நூறு பேரும் யாரோ செத்துப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மணப்பெண்ணின் அம்மா பானுரேகா ஆரத்தித் தட்டோடு மேடை ஓரத்தில் நின்று இதைப் பார்த்தாள். தோளெல்லாம் தொங்கிக் கிடந்தது. முதுகெல்லாம் கூன். பாதிப் பேர் நெற்றியில் கை வைத்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் மருந்துக்கும் இல்லை. நாதஸ்வரக்காரர் பாவம், கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவரும் இழுத்து இழுத்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். மாப்பிள்ளையின் அத்தை கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன ஆச்சுங்க?” என்று பானு பதறிப்போய்க் கேட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா. வரும்போது நல்லாத்தான் இருந்தேன். இதுல வந்து உட்கார்ந்ததுல இருந்து மனசு பாரமா இருக்கு.”

இதில் என்றால் சேரில். பானு தட்டைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்றால் அந்த முந்நூறு சேரும் அவளுடையவை.

ஆரணியில் பானுரேகாவைத் தெரியாத ஆள் இருந்தால் அவர் வீட்டில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை என்று அர்த்தம். பந்தல், சேர், மேசை, ஜமுக்காளம், அண்டா, கரண்டி, எது வேண்டுமானாலும் பானுரேகா வாடகை நிலையம்தான். வேன் தானே ஓடிப்போய்த் தானே நிற்கிற காலம் வந்துவிட்டது. சேரை ஏற்றி இறக்க மட்டும் இன்னமும் மனுஷன் வேண்டியிருக்கிறது. அந்த மனுஷன் துளசிங்கம். வயது அறுபது. அவளிடம் வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வேலையை விட்டு நின்றுவிடுவதாகச் சொல்வார்.

இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. ரகசியம் என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான். காலையில் துக்க வீட்டு வாசலில் கிடந்த சேர், மத்தியானம் ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு, சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. ஊர் உலகம் பூராவும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏகாம்பரம் கேட்டுவிட்டார்.

பட்டு ஜவுளிக் கடை ஏகாம்பரம்தான் பானுவின் சம்பந்தி. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புகிற ரகம். அவருக்குத் தன் மகன் ப்ரணவ் பெண் பார்த்த இடம் அடியோடு பிடிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஏகாம்பரத்தின் அப்பா இறந்தபோது, சேர் கொண்டுவந்த வேனில் பானுவின் மகள் கவினயாவும் வந்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு நின்ற பையனுக்கு ஒரு சேரை எடுத்துப் போட்டு, “உட்காருங்க, காலையில இருந்து நிக்கறீங்க” என்றாள். அவன் உட்கார்ந்தான். மீதியை அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

“சாவு வீட்ல பார்த்த பொண்ணு” என்று ஏகாம்பரம் ரொம்ப நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். போன வருஷம் நிச்சயதார்த்தத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “சம்பந்தி, கல்யாணத்துக்கு நீங்கதான் சேர் போடப்போறீங்க. துக்க வீட்டுக்குப் போன சேர் ஒண்ணுகூட அந்த மண்டபத்துக்குள்ள வரக் கூடாது. வந்துச்சுன்னு தெரிஞ்சா நான் எழுந்து போயிடுவேன்.”

பானு எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வழியும் அந்த வாரமே வேனில் வந்து இறங்கியது. அறுநூறு புத்தம் புதுச் சேர்.

கொண்டுவந்தவள் நிலோஃபர். வாணியம்பாடிப் பெண், சென்னையில் ஒரு பாலிமர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சேருக்குப் ‘பழகுசேர்’ என்று பெயர் வைத்திருந்தாள். விதவிதமான ஆட்கள் உட்கார்ந்து எழுந்தால் அது எப்படி இருக்கிறது என்று ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு வாடகைக் கடையைவிட்டால் வேறு நல்ல இடம் ஏது?

“சேர் எதுக்கும்மா பழகணும்? உட்கார்ந்தா உடையாம இருந்தா பத்தாதா?” என்று பானு அன்றைக்குக் கேட்டாள்.

நிலோஃபர் கடையில் கிடந்த ஒரு பழைய நீலச் சேரை இழுத்துக் காட்டினாள். “இதைப் பாருங்கக்கா. உட்கார்ற இடத்துல பிரம்பு பின்னின மாதிரி கோடு. பிளாஸ்டிக்குக்கு எதுக்குப் பிரம்பு?”

“அது எப்பவும் அப்படித்தானே வருது.”

“அதான். பிளாஸ்டிக் பொறந்ததுல இருந்தே இன்னொண்ணு மாதிரி நடிச்சுத்தான் பொழைச்சிருக்கு. முதல்ல யானைத் தந்தம். பில்லியர்ட்ஸ் பந்து செய்யறதுக்கு யானைங்களைக் கொன்னுக் கொன்னு தந்தமே கிடைக்காமப் போச்சு. பஞ்சை அமிலத்துல போட்டு, கற்பூரம் கலந்து, தந்தம் மாதிரியே ஒண்ணு செஞ்சாங்க. செல்லுலாய்டுன்னு பேரு. ரெண்டு பந்து வேகமா மோதினா சில நேரம் டப்புன்னு வெடிச் சத்தம் வருமாம்.”

“நல்லா ஆடினாங்க போ,” என்றார் துளசிங்கம்.

“அடுத்தது அரக்கு. பூச்சி குடுக்கற அரக்கு பத்தலைன்னு ரெண்டு ரசாயனத்தைச் சேர்த்துச் சமைச்சு பேக்கலைட் செஞ்சாங்க. பழைய வீட்ல கறுப்பா குமிழ் சுவிட்சு இருக்குமே, அது. அப்புறம் உங்க ஊருச் சரக்குமேலயே கை வச்சாங்க.”

“பட்டா?”

“ஆமா. பட்டு மாதிரி நடிக்க வந்ததுதான் நைலான். பாலித்தீன் மட்டும்தான் யாரும் கூப்பிடாம வந்துச்சு. வேற என்னமோ செய்யப்போக, பாத்திரத்து அடியில மெழுகாட்டம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் வந்ததுங்ககூட நடிக்கறதை விடலையே. பிளாஸ்டிக் குடத்தைப் பாருங்க. பித்தளைக் குடத்துக்கு இருக்கற கழுத்து, வளையம் எல்லாத்தையும் அப்படியே காப்பியடிச்சிருக்கும்.”

துளசிங்கம் புதுச் சேரைச் சுற்றி வந்து சந்தேகமாகப் பார்த்தார். “அப்ப இது எதை மாதிரி நடிக்குது?”

“மனுஷங்களைண்ணே.”

உள்ளே இடியாப்பம் மாதிரி நீள நீளமான சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன என்று அவள் விளக்கினாள். எல்லா பிளாஸ்டிக்கிலும் இருப்பதுதான். இதில் மட்டும் உடம்புச் சூடு பட்டால் அவை கொஞ்சம் இளகும். உட்காருகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும், ஆறியதும் அப்படியே நிற்கும். நூறு பேர் உட்கார்ந்தால் நூறு பேரிடமும் கற்றுக்கொள்ளும். அடுத்து வருகிறவரின் முதுகை அதே மாதிரி பிடித்து வசதி செய்து கொடுக்கும்.

“கத்துக்கிட்டதை மறக்காதா?”

“எங்க ஆராய்ச்சிக்கூடத்து அடுப்புல ஒரு நாள் பூரா வச்சு எடுத்தா மறந்துடும். மத்தபடி மறக்காது.”

பானு அன்றைக்கே சேரைச் சரிபாதியாகப் பிரித்தாள். முந்நூறின் அடியில் நகப்பூச்சால் பச்சைப் பொட்டு. அவை கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்துக்கு மட்டும். மீதி முந்நூறுக்கு வெள்ளைப் பொட்டு. அவை துக்க வீட்டுக்கு மட்டும். ஒரு வருஷம் ஒரு சேர்கூட மாறவில்லை. தமிழ்நாட்டிலேயே இப்படி வைத்துக்கொண்டிருக்கிற ஒரே வாடகைக் கடை நாமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமைதான் இப்போது முந்நூறு பேராகக் கூன் போட்டு உட்கார்ந்திருந்தது.

“சம்பந்தி, கொஞ்சம் இப்படி வாங்க.”

ஏகாம்பரம் தூணோரம் நின்று கூப்பிட்டார். வாசலில் நின்று வரவேற்றுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர், சுட்டுக்கொண்ட மாதிரி எழுந்திருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

“எங்க ஆளுங்க மூஞ்சியைப் பாருங்க. என் தங்கச்சி அழுவுறா. இது துக்க வீட்டுச் சேர். உட்கார்ந்த உடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு.”

“ஐயோ, இல்லீங்க. சத்தியமா இல்லீங்க.” பானு ஒரு சேரைக் கவிழ்த்துக் காட்டினாள். “இதோ பச்சைப் பொட்டு. இது சுபகாரியத்துக்கு மட்டும் போற சேர்.”

“பொட்டு நீங்க வச்சதுதானே?”

ஏகாம்பரம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஒம்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம். நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன். ஒம்பதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். மண்டபம் இப்படியே இருந்தா என் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். நான் இல்லாம என் பையன் தாலி கட்ட மாட்டான். அது உங்களுக்கே தெரியும்.”

தெரியும். ப்ரணவ் தங்கமான பையன். அந்தத் தங்கத்தில் கொஞ்சம் அப்பா பயம் கலந்திருந்தது.

பானு நேராகத் துளசிங்கத்திடம் போனாள். “அண்ணே, மாத்தி ஏத்திட்டீங்களா?”

“இந்தா, இந்த நிமிஷமே வேலையை விட்டு நிக்கறேன்.”

“இன்னைக்கு மட்டும் வேணாம்ணே. சொல்லுங்க.”

“ஒவ்வொண்ணையும் கவுத்துப் போட்டுப் பொட்டைப் பார்த்துத்தான் ஏத்தினேன் பானும்மா. எங்கம்மா மேல ஆணை.”

அவர் பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் என்ன கோளாறு? பானுவின் கணவர் தியாகராஜனைக் கேட்கலாம் என்றால், சிக்கல் வந்தால் சாம்பார் வாளிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது அவர் வழக்கம். இன்றும் அங்கேதான் இருந்தார். நல்ல வேளையாக நிலோஃபர் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். கைக்கு அடக்கமான ஒரு கருவியையும் கொண்டுவந்திருந்தாள், சேர்கள் ஒரு வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டன என்று அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று. அதைச் சேரின் முதுகில் வைத்து எடுத்தாள். இன்னொரு சேர். இன்னும் பத்துச் சேர். அவள் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

“அக்கா, சேர் மாறலை. இது எல்லாமே கல்யாணச் சேர்தான். நாப்பத்தியொரு விசேஷத்துக்குப் போயிருக்கு.”

“அப்புறம் ஏன் இழவு வீடு மாதிரி உட்கார வைக்குது?”

“கல்யாணத்துல நாம இப்படித்தான் உட்கார்றோம்க்கா.”

பானுவுக்குப் புரியவில்லை.

“நீங்க யோசிச்சுப் பாருங்க. வந்த உடனே என்ன பண்றோம்? குனிஞ்சு ஃபோனைப் பார்க்கறோம். பந்தி எப்ப போடுவாங்கன்னு பார்க்கறோம். புடவை கசங்கக் கூடாது, யாரு நம்மளைப் பார்க்கறாங்க, யாரு பார்க்காம போறாங்க... தோளை இறுக்கிக்கிட்டு, ஒடம்பைக் குறுக்கிக்கிட்டு, பக்கத்துல இருக்கறவங்க மேல படாம உட்கார்றோம். சேர் அதைக் கத்துக்கிச்சு. அடுத்த கல்யாணத்துல வர்றவரைக் கொஞ்சம் குனிய வச்சிச்சு. அவர் குனியவும் இது இன்னும் கொஞ்சம் கத்துக்கிச்சு. ஒரு வருஷத்துல இங்க வந்து நிக்குது.”

போன நாலைந்து கல்யாணத்தில் கூட்டம் களைகட்டவில்லை என்று ஜனங்கள் சொன்னது பானுவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒருத்தர் சமையலைக் குறை சொன்னார், ஒருத்தர் மேளத்தைக் குறை சொன்னார். சேரை யார் நினைப்பார்கள்?

“சரி, இப்ப என்ன செய்யறது? வேற கடையில கேட்கலாம்னா இன்னைக்குப் பெரிய முகூர்த்த நாள். ஒரு கடையிலயும் ஒரு ஸ்டூல்கூட இருக்காது. ஜமுக்காளம் விரிச்சா உட்காரத்தான் எத்தனை பேருக்கு முட்டி மடங்கும்?”

நிலோஃபர் கொஞ்சம் தயங்கினாள். “வெள்ளைப் பொட்டுச் சேர் எங்க இருக்கு?”

கிடங்கு மண்டபத்துக்குப் பின்தெருவில்தான். போகிற வழியெல்லாம் பானு, “அது ஆகாது, அது ஆகவே ஆகாது” என்று சொல்லிக்கொண்டே போனாள். நிலோஃபர் அடுக்கிலிருந்து இரண்டு சேரை உருவிப் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். “சும்மா உட்காருங்கக்கா. ஒரு நிமிஷம்.”

பானு முள்ளின் மேல் உட்காருவது போல உட்கார்ந்தாள். சேர் அவள் முதுகை மெல்லப் பின்னால் வாங்கிக்கொண்டது. காலையிலிருந்து காது வரைக்கும் ஏறிக்கிடந்த தோள் இறங்கியது. இடது கை தானாகப் போய்ப் பக்கத்துச் சேரின் முதுகில் படுத்துக்கொண்டது. அந்தச் சேரில் நிலோஃபர் இருந்தாள்.

“நீ டிபன் சாப்டியாம்மா?” என்று பானு கேட்டாள். “உங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்கக்கா. சீரியல் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவரைத் திட்டாத நாள் இல்ல.”

பானு சிரித்தாள். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். பொண்ணு கல்யாணம் நிற்கப்போகிற நேரத்தில் இப்படிச் சிரிக்கிறோமே என்று நினைத்து இன்னும் சிரித்தாள். பிறகு சட்டென்று அவளுக்கு எல்லாம் விளங்கியது.

துக்க வீட்டில் யாரும் ஃபோனை நோண்டுவதில்லை, மரியாதை இல்லை என்று உள்ளே வைத்துவிடுகிறார்கள். பேசாமல் இருந்த பங்காளிகள்கூடப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். அழுகிறவர் தோளில் கை போடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் அழுகை. அப்புறம் போனவர் செய்த கூத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, அழுகையும் சிரிப்புமாக, எழுந்துபோக மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டிப் போன கல்யாணச் சாவு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சேரை எடுத்துவரப் போனால், “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா” என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். அவள் அதை இத்தனை நாளும் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள்.

“அக்கா, மணி எட்டு இருபது,” என்றாள் நிலோஃபர்.

பின்னாலேயே வந்து நின்ற துளசிங்கம் நிலைமையைப் புரிந்துகொண்டார். “இதுல என்ன இருக்கு? முந்நூறையும் மாத்திடலாம். வெள்ளைப் பொட்டைச் சுரண்டிட்டா எவனுக்குத் தெரியும்? இருபத்தெட்டு வருஷமா இதைத்தானே பண்ணோம்.”

அதுவும் சரிதான். ஊரே செய்கிறது. பானுவின் மனசு பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டது. ஓடிப்போய் மணமகள் அறையில் கவினயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

கவினயா தலையில் இரண்டு கிலோ பூவோடு திரும்ப முடியாமல் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, உனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூக்கு நுனி சிவந்துடும். அவர் ஜவுளிக் கடைக்காரர், சாயம் போறதை ஒரு மைல் தூரத்துல கண்டுபிடிச்சிடுவார்.”

“சொல்லிட்டா எழுந்து போயிடுவாருடி! உன் கல்யாணம்டி!”

“போனா போகட்டும். நான் ப்ரணவைத்தான் கட்டிக்குவேன். இன்னைக்கு இல்லேன்னா அடுத்த முகூர்த்தம். ஆனா நான் அந்த வீட்டுக்குப் போய் முப்பது வருஷம் இருக்கணும். தினமும் அந்த வெள்ளைப் பொட்டை மனசுல வச்சுக்கிட்டு அவருக்குக் காபி குடுக்க என்னால முடியாது.” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. “மை கரையுது, போம்மா.”

ஒன்பதடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏகாம்பரம் நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்தார். மண்டபம் அப்படியே கூன் போட்டு உட்கார்ந்திருந்தது. பானு நடு மண்டபத்தில், மேடைக்கு நேர் எதிரே நின்றாள். கையில் ஒரே ஒரு சேர். அதை அவர் முன்னால் போட்டாள்.

“சம்பந்தி, உண்மை தெரியணும்னீங்க. இப்ப எல்லாரும் உட்கார்ந்திருக்கறது கல்யாணச் சேர். துக்க வீட்டு வாசலையே மிதிக்காத சேர். வாக்கு தவறலை. கல்யாணத்துல நாம உட்கார்ற லட்சணத்தைத்தான் அது கத்துக்கிட்டிருக்கு.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இது துக்க வீட்டுச் சேர். ஒரு வருஷமா சாவு வீட்டுக்கு மட்டும்தான் போயிட்டு வருது. மறைச்சுக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரலை. ஒரே ஒரு தடவை இதுல உட்கார்ந்து பாருங்க. அப்புறமும் ஆகாதுன்னா நீங்க கிளம்புங்க, நான் தடுக்க மாட்டேன்.”

நாதஸ்வரம் நின்றுபோனது. முந்நூறு பேரும் கூனோடு கூனாகத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். ஏகாம்பரத்தின் தாடை இறுகியது. திட்டப்போகிறார் என்று பானு கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் மேடையில் மாலையோடு நின்ற தன் மகனைப் பார்த்தார். ப்ரணவின் முகத்தில் ஈயாடவில்லை. என்ன நினைத்தாரோ, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கந்தசஷ்டியில் பாதி வரி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

சேர் அவரை வாங்கிக்கொண்டது. முதுகு பின்னால் போனது. இறுகிய தாடை தளர்ந்தது. வலது கை தானாக எழுந்து பக்கத்தில் நீண்டது. அங்கே சேர் இல்லை. கை காற்றில் அப்படியே நின்றது.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா போனப்ப,” என்றார் மெதுவாக, “பதினாறு நாளும் வீட்ல நிக்க இடமில்லை. என் பக்கத்துல யாராவது ஒருத்தர் உட்கார்ந்துக்கிட்டே இருந்தாங்க. காரியம் முடிஞ்சு எல்லாரும் போனாங்க பாருங்க, அதுக்கப்புறம் என் பக்கத்துல இப்படி ஒருத்தரும் வந்து உட்காரலை. மூணு வருஷம் ஆச்சு.” அவர் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. “இதுல தனியா உட்கார முடியலையேம்மா. பக்கத்துல ஒரு சேர் போடுங்க.”

துளசிங்கம் ஓடினார். அறுபது வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைக்கவில்லை. சேர் வந்தது. அதில் யார் உட்காருவது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தியாகராஜன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏகாம்பரத்தின் கை அவர் தோளில் விழுந்தது. “என்ன சம்பந்தி, ரவா கிச்சடியில உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சே?” என்றார் ஏகாம்பரம். “உங்க வீட்டு ஆளுதாங்க உப்பு டப்பாகிட்ட நின்னது,” என்றார் தியாகராஜன். இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

அவ்வளவுதான், மண்டபமே எழுந்துவிட்டது. “எங்களுக்கும் போடுங்க” என்று அத்தைதான் முதலில் கத்தினாள். பட்டு வேட்டிகள் வரிசை கட்டிக் கிடங்குக்கும் மண்டபத்துக்கும் நடந்தன. ஆளுக்கு இரண்டு சேராகத் தூக்கி வந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு ப்ரணவ் தாலி கட்டினான். மேளச் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம் பெரிதாக இருந்தது. புரோகிதர் இரண்டு தடவை “கொஞ்சம் அமைதி” என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அவரும் ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச்சில் கலந்துவிட்டார்.

அதற்கப்புறம் வந்தது வேறு தொல்லை. யாருமே வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். மண்டப மேலாளர் மூன்று மணி வாக்கில் ஒரு தடவை சாவியை ஆட்டிக் காட்டினார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிலோஃபர் தன் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, கவினயாவின் பெரியம்மாவிடம் பிரியாணிக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் காலையில் உட்கார்ந்த சேரை விட்டு எழவே இல்லை. அவர் பக்கத்துச் சேரில் மட்டும் ஆட்கள் மாறி மாறி வந்தார்கள்.

மூன்றரை மணிக்குப் பானுவின் ஃபோன் அடித்தது. பேசினது ஒரு பையன். இருபது வயதுக் குரல்.

“அக்கா, கோட்டை பக்கத்துல இருந்து பேசறேன். எங்கப்பா... இப்பத்தான்க்கா. சேரும் பந்தலும் வேணும். வீட்ல நானும் அம்மாவும்தான் இருக்கோம். என்ன பண்றதுன்னே தெரியலை.”

“வரேன்பா. தைரியமா இரு. அரை மணி நேரத்துல வரேன்.”

ஃபோனை வைத்துவிட்டு அவள் விழித்தாள். கையில் சும்மா இருந்தது அந்தக் கூன் போட்ட கல்யாணச் சேர்தான். அப்பனைப் பறிகொடுத்து நிற்கிற பையனை அதில் உட்கார வைப்பதா? வெள்ளைப் பொட்டுச் சேர் முந்நூறிலும் ஆள். அதுவும் கல்யாணக் கூட்டத்தைப் பார்த்து, எழுந்திருங்கள், சாவு வீட்டுக்குச் சேர் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? அவள் கை பிசைந்துகொண்டு நின்றதை ஏகாம்பரம் பார்த்துவிட்டார். கூப்பிட்டுக் கேட்டார். அவள் சொன்னாள்.

காலையிலிருந்து முதல் தடவையாக அவர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த சேரை ஒரு கையிலும் பக்கத்துச் சேரை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டார்.

“எல்லாரும் எழுந்திருங்கப்பா. ஒரு வீட்ல சேர் கேட்கறாங்க. சூடு ஆறறதுக்குள்ள போகட்டும்.”

ஐந்து நிமிஷத்தில் ஐம்பது சேர் வேனில் ஏறிவிட்டது. துளசிங்கம் தொட வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டு சேரை ஏற்றிய கையோடு ஏகாம்பரமும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். அவர் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“என்னங்க இது? பையன் கல்யாணத்தன்னைக்கு, கழுத்துல மாலை வாசனைகூடப் போகலை, யாராவது துக்க வீட்டுக்குப் போவாங்களா?”

“சேர் போகுதுல்ல?”

“சேர் போனா நீங்களும் போகணுமா?”

“சேர் மட்டும் போய் என்னடி பண்ணும்?” என்றார் ஏகாம்பரம். “அந்தப் பையன் பக்கத்துல உட்கார ஒரு ஆள் வேணாமா?”

பானு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேன் தானே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியது.